பழைய டெலி லென்ஸ், புதுக் கேமரா

கம்பைநல்லூர் ஆற்றில் மீன்கொத்தி உட்காரும் கிளை எப்போதும் எதிர்க்கரையில்தான் இருக்கும். நீங்கள் சுற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போனால் அது இந்தக் கரைக்கு வந்துவிடும். தென்பெண்ணையில் போய்ச் சேரும் இந்த ஆறு அப்படியொன்றும் அகலமானதில்லை. ஆனாலும் கேமரா வாங்கும்போது கூடவே கொடுத்த லென்ஸில் எடுத்துப் பார்த்தால் மீன்கொத்தி ஒரு நீலப் புள்ளியாகத்தான் தெரியும். எவ்வளவு சின்னப் புள்ளி என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். பறவையின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் பெருக்கி, நமக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். எல்லாவற்றையும் மி.மீ.யில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்மார்பு மீன்கொத்தி சுமார் 28 செ.மீ. நீளம். 20 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. 55 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரின் மேல் 0.8 மி.மீ. கூட வராது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் இது ஏறக்குறைய 200 பிக்சல். அதே இடத்தில் 300 மி.மீ. லென்ஸைப் போட்டால் 4.2 மி.மீ., அதாவது ஆயிரத்துச் சொச்சம் பிக்சல். இறகின் வரிகள் தெரியும், கண்ணில் ஒளிப்பொட்டு தெரியும், வீட்டில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்டும் போடலாம்.

இதே கணக்கில் தூரத்தைக் குறைத்துப் பாருங்கள். 20 மீட்டரிலிருந்து 14 மீட்டருக்கு நெருங்கினால் பிம்பம் 1.4 மடங்கு பெரிதாகிறது. லென்ஸுக்குப் பின்னால் மாட்டும் 1.4 மடங்கு எக்ஸ்டென்டர் செய்கிற வேலையும் இதுதான். ஆறு மீட்டர் நடப்பதற்குக் காசு இல்லை, ஒளியும் குறையாது, படத்தின் கூர்மையும் கெடாது. ஆகவே புதரோரமாகக் குனிந்து, நின்று நின்று, பறவை தலையைத் திருப்பும்போது அசையாமல் நெருங்கப் பழகியவருக்கு இந்த அத்தியாயத்தில் பாதி தேவைப்படாது. நடுவில் தண்ணீர் ஓடும் இடங்களுக்குத்தான் மீதிப் பாதி.

பழைய லென்ஸைத் தேடுவதற்குக் காரணம் விலைதான். புதிய 100-400, 200-600 ஜூம்கள் நல்ல பொருள்கள், மறுப்பில்லை. ஆனால் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஒருவர் பறவைக்காக அவ்வளவு பணம் போடமாட்டார். ஃபிலிம் காலத்தில் வாங்கிய நிக்கான், பென்டாக்ஸ், யாஷிகா, மினோல்டா சாமான்கள் சிறுநகரத்து ஸ்டூடியோ அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன. டிஜிட்டல் வந்ததும் கேமரா உடலை மாற்றினார்கள், லென்ஸை விற்க ஆள் கிடைக்கவில்லை. தர்மபுரியிலோ அரூரிலோ பழைய ஸ்டூடியோவுக்குள் போய், "அண்ணா, ஃபிலிம் கேமரா லென்ஸ் ஏதாச்சும் சும்மா கெடக்குதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். 70-210 ஜூம், 135 மி.மீ., அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு 300 மி.மீ. வெளியே வரும்.

ஒட்டுப்போட்ட சாமானை வைத்து நல்ல படம் வருமா என்று சந்தேகப்படுபவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதினார். 1950-இல் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996-இல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். காட்டு யானைகளை நடந்தே போய்க் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர் அவர். அவருடைய கேமராவின் உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, இடையில் இருந்த பாகங்கள் அவரே பொருத்தியவை. அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். அந்த அமைப்பைப் பார்த்த காட்டுயிர் எழுத்தாளர் ஈ. பி. ஜீ, எங்கோ ஒரு கம்பியும் வளையமும் வைத்துத்தான் இது நிற்கிறது என்கிற தொனியில் கிண்டலாக எழுதியிருக்கிறார். படங்களோ இன்றும் பார்க்கத்தக்கவை. யானையின் அடுத்த அசைவு அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் தானியங்கி ஃபோகஸ் இல்லாதது ஒரு குறையாகப் படவில்லை. நம்மிடம் அந்த அறிவு இல்லை, ஃபோகஸ் உதவி மட்டும் இருக்கிறது. அதாவது நம் கதை அவர் கதைக்குத் தலைகீழ்.

எந்த லென்ஸ் எந்தக் கேமராவுக்கு

கேமராவில் லென்ஸைப் பொருத்தும் உலோக வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு தூரத்தை நிர்ணயித்திருக்கிறது. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மி.மீ., கேனன் ஈஎஃப்பில் 44, பழைய கேனன் எஃப்டியில் 42, கையால் ஃபோகஸ் செய்யும் மினோல்டாவில் 43.5, எம்42 திருகு மவுண்டிலும் பென்டாக்ஸ் கே மவுண்டிலும் 45.46. கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இது பாதிக்கும் கீழே: சோனி ஈ 18, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16.

லென்ஸுக்கு உரிய தூரம் கேமராவின் தூரத்தைவிடக் கூடுதலாக இருந்தால், மிச்சத்தை ஒரு வெற்று உலோக வளையத்தால் நிரப்பிவிடலாம். நிக்கான் எஃப் லென்ஸை சோனியில் மாட்ட 28.5 மி.மீ. கனமுள்ள அடாப்டர், கேனன் எஃப்டியை ஆர்எஃப்பில் மாட்ட 22 மி.மீ. உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம். அதனால்தான் மிரர்லெஸ் வாங்கியவருக்கு ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸும் சொந்தம்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் கவனமாக இருக்க வேண்டும். கேனன் டிஎஸ்எல்ஆரில் நிக்கான், எம்42, பென்டாக்ஸ் லென்ஸ்களை மெல்லிய வளையத்தால் மாட்டலாம். ஆனால் கேனனின் சொந்த எஃப்டி லென்ஸ் கேனன் டிஎஸ்எல்ஆரில் நேராக உட்காராது! 42-ஐ 44-க்குள் திணிக்க முடியாது. கண்ணாடி வைத்த அடாப்டர்கள் கிடைக்கும். அவை தூரக் காட்சியைச் சரிசெய்யும்போதே ஒரு மட்டமான எக்ஸ்டென்டராகவும் வேலை செய்து படத்தை மழுங்கடிக்கும். வாங்காதீர்கள். நிக்கான் டிஎஸ்எல்ஆரின் 46.5 எல்லாரையும்விடக் கூடுதல் என்பதால் அதற்கு நிக்கான் லென்ஸே கதி. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1977-க்கு முந்தைய, மாற்றியமைக்கப்படாத நிக்கான் லென்ஸின் பின் விளிம்பு, பல டிஎஸ்எல்ஆர்களில் மவுண்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்கை உடைத்துவிடும். அபர்ச்சர் வளையத்தில் இரண்டு வரிசை எண்கள் இருந்தால் பெரும்பாலும் பிந்தைய வகை. ஒரே வரிசைதான் என்றால், விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் மாட்டவேண்டாம்.

அடுத்து மோட்டார். நிக்கானின் பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகைகளில் மோட்டார் லென்ஸுக்குள் இல்லை, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார் ஒரு திருகின் வழியாகச் சுழற்றும். டி3000, டி5000 வரிசைகளிலும், இசட் கேமராவுக்கான எஃப்டிஇசட் அடாப்டரிலும் அந்த மோட்டார் கிடையாது. லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஃபோகஸை மட்டும் நீங்கள்தான் சுழற்றவேண்டும். ஏஎஃப்-எஸ் என்று பொறித்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கேனன் ஈஎஃப் லென்ஸ்களில் 1987-இலிருந்தே மோட்டார் உள்ளேயே இருக்கிறது. எனவே பழைய ஈஎஃப் 300 எஃப்/4, ஈஎஃப் 400 எஃப்/5.6 இரண்டும் இன்றைய ஆர் வரிசையில், கேனனின் அடாப்டர் வழியாக, தானியங்கி ஃபோகஸோடு ஓடும். 1993-இல் வந்த அந்த 400, அசைவைத் தணிக்கும் வசதி இல்லாதது என்று பலர் ஒதுக்குவார்கள். பறக்கும் பறவைக்கு எடை குறைவான அந்த லென்ஸ்தான் என் தேர்வு. ஃபிலிம் காலத்து சிக்மா லென்ஸ் ஈஎஃப் மவுண்டில் மலிவாக வந்தால் மட்டும் கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டி, அபர்ச்சரை எஃப்/8-க்குக் குறைத்து, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அவற்றில் பல டிஜிட்டல் உடலோடு பேசாமல் பிழைச் செய்தியைக் காட்டி நிற்கும்.

மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டியதும் சில மிரர்லெஸ் கேமராக்களில் ஷட்டர் அடிக்காது. கேமரா கெட்டுப்போகவில்லை. மெனுவில் 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கட்டும்' என்கிற அமைப்பை இயக்கிவிடுங்கள். உடலுக்குள்ளேயே அசைவு தணிக்கும் வசதி இருந்தால் குவியத் தொலைவை நீங்களே பதியவேண்டும். 300 மி.மீ. லென்ஸுக்கு 300. 1.4 எக்ஸ்டென்டரும் போட்டால் 420. ஏபிஎஸ்-சி என்பதற்காக 1.5-ஆல் பெருக்கிப் பதிந்தால் அசைவு கூடத்தான் செய்யும்.

வாங்குமுன்

கைபேசி விளக்கை லென்ஸின் பின்பக்கம் காட்டி முன்பக்கமிருந்து சாய்வாகப் பாருங்கள். தூசி பரவாயில்லை. சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஊர்களிலிருந்து வரும் லென்ஸ்களில் இதை இன்னும் உற்றுப் பார்க்கவேண்டும். ஓரத்தில் சின்னதாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், நடுவில் மூடுபனி போல வெளிறியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய் படிந்திருக்கிறதா, அவை சட்டென்று மூடித் திறக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பழைய தோல் உறையை மட்டும் வாங்காதீர்கள். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சையை வளர்ப்பதே அதுதான். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

500 மி.மீ. எஃப்/8 மிரர் லென்ஸ் ஒன்று கைக்கு அடக்கமாக, விலை குறைவாக வந்து ஆசை காட்டும். உள்ளே வளைந்த ஆடிகள் ஒளியை மடித்து அனுப்புவதால் அவ்வளவு குட்டை. அபர்ச்சரை மாற்ற முடியாது. பின்னணியில் தண்ணீர் மின்னினால் ஒவ்வொரு மினுக்கமும் உளுந்து வடையாகப் படத்தில் விழும். ஆற்றங்கரைக்கு அது ஒத்துவராது.

எக்ஸ்டென்டர்

லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் எக்ஸ்டென்டர், லென்ஸ் உருவாக்கிய பிம்பத்தின் நடுப்பகுதியை விரித்துக் கொடுக்கிறது. சேரும் ஒளி அதேதான், விழும் பரப்பு மட்டும் பெரிது. 1.4 மடங்கு விரித்தால் பரப்பு இரண்டு மடங்கு, ஆகவே ஒளி பாதி, ஒரு ஸ்டாப் இழப்பு. 2 மடங்கு விரித்தால் பரப்பு நான்கு மடங்கு, இரண்டு ஸ்டாப் இழப்பு. 300 எஃப்/4 லென்ஸ், 1.4-இல் 420 எஃப்/5.6 ஆகிறது, 2-இல் 600 எஃப்/8.

ஒளியைவிடப் பெரிய விஷயம், லென்ஸில் இருக்கும் குறைகளும் சேர்ந்தே விரிகின்றன என்பது. பழைய சாதாரணக் கண்ணாடி டெலி லென்ஸில் கொக்கின் வெள்ளை விளிம்பில் ஊதா நிறம் கசியும். எக்ஸ்டென்டர் போட்டதும் அந்தக் கசிவு ஒன்றரை, இரண்டு மடங்கு அகலமாகும். ஆகவே லென்ஸ் மட்டும் போட்டு, ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்த படத்தைக் கணினியில் முழு அளவில் பாருங்கள். இறகு தனித்தனியாகத் தெரிந்தால்தான் எக்ஸ்டென்டர் பற்றிப் பேச்சு. இழைந்துபோயிருந்தால், படத்தை வெட்டிப் பெரிதாக்குவதும் எக்ஸ்டென்டரும் ஒன்றேதான், வெட்டுவது இலவசம்.

70-210 போன்ற எஃப்/4-5.6 ஜூம்களுக்கு எக்ஸ்டென்டர் வேண்டாம் என்பேன். எஃப்/5.6 லென்ஸில் 2 மடங்கு போட்டால் எஃப்/11. அந்த அளவில் ஒளியின் விளிம்பு விளைவு காரணமாகவே ஒரு புள்ளி ஏறக்குறைய 15 மைக்ரான் வட்டமாக விழும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 4 மைக்ரான்கூட இல்லை. எவ்வளவு உயர்ந்த லென்ஸானாலும் இந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பல டிஎஸ்எல்ஆர்கள் எஃப்/5.6-ஐத் தாண்டினாலே ஃபோகஸ் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலையும், சிலவற்றில் மட்டும் நடுப்புள்ளி எஃப்/8 வரை தாங்கும். மிரர்லெஸ்களுக்கு இந்தச் சிக்கல் வெகுவாகக் குறைவு.

எந்த எக்ஸ்டென்டர் எந்த லென்ஸுக்கு என்பதிலும் விதி உண்டு. நிக்கானின் பழைய டிசி-201 குட்டை லென்ஸ்களுக்கு, டிசி-301 நீண்ட லென்ஸ்களுக்கு. கேனன் எஃப்டியில் 2 மடங்கு ஏ வகை 300 மி.மீ.க்கும் அதற்கு மேலும், பி வகை அதற்குக் கீழ். நீண்ட லென்ஸுக்கான வகைகளிலும் கேனன் ஈஎஃப் எக்ஸ்டென்டர்களிலும் முன்கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கும். பொருந்தாத லென்ஸில் அழுத்தி மாட்டினால் கண்ணாடியோடு கண்ணாடி இடிக்கும். ஆர் வரிசைக் கேமராவில் ஈஎஃப் லென்ஸ் போடுபவர், ஈஎஃப் எக்ஸ்டென்டரை லென்ஸுக்கும் அடாப்டருக்கும் நடுவில் மாட்டவேண்டும். புதிய ஆர்எஃப் எக்ஸ்டென்டர் அந்த அடாப்டரோடு சேராது.

என் கணக்கில், நல்ல 300 எஃப்/4 லென்ஸோடு அதே கம்பெனியின் 1.4, அவ்வளவுதான். 2 மடங்கு என்பது கையில் இருந்தால் இருக்கட்டும், தேடி வாங்கவேண்டாம்.

ஆற்றங்கரையில்

காலையில் கிழக்குக் கரையில் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகில் விழ, பறவையின் முகத்தில் விழும். முழு வெயிலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 400 என்றால் ஷட்டர் 1/1600 நொடி கிடைக்கும். சூரியன் எழுந்த முதல் மணி நேரத்தில் ஒளி இரண்டு மூன்று ஸ்டாப் குறைவு. ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றுங்கள், 1/800-க்குக் கீழே ஷட்டரை இறக்காதீர்கள். படத்தில் புள்ளி புள்ளியாக வருவதைக் கணினியில் சமாளிக்கலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. இருண்ட பின்னணியில் வெள்ளைக் கொக்கு என்றால் கேமரா காட்டுவதைவிட ஒரு ஸ்டாப்பாவது குறைத்து எடுத்தால்தான் இறகு தெரியும்.

கையால் ஃபோகஸ் செய்வது, பறவையைப் பார்த்துக்கொண்டே வளையத்தைத் திருகும் வேலை அல்ல. மீன்கொத்தி ஒரு கிளையிலிருந்து பாய்ந்து, பெரும்பாலும் அதே கிளைக்கே திரும்பும். பஞ்சுருட்டானும் கரிச்சானும் கம்பியில் இதையே செய்யும். கேமராவை முக்காலியில் வைத்து, காலிக் கிளையைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, பட்டையின் வெடிப்பு தெளியும்வரை திருகி, அப்படியே விட்டுவிடுங்கள். பறவை வந்து உட்கார்ந்ததும் ஷட்டர் மட்டும் அழுத்தினால் போதும். விளிம்புகளில் நிறம் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை டெலி லென்ஸில் முழுதாக நம்பவேண்டாம், பெரிதாக்கிப் பார்ப்பதுதான் உறுதி.

முக்காலியின் பிடி கேமராவில் இல்லாமல் லென்ஸின் காலர் வளையத்தில் இருக்கட்டும். அடாப்டரும் எக்ஸ்டென்டரும் சேர்ந்து நீண்டுவிட்ட பிறகு கேமராவைப் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் மவுண்டின் திருகுகளில் இறங்கும். லென்ஸ் மூடியைத் திறந்தபடி மிரர்லெஸ் கேமராவை வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். டெலி லென்ஸ் சூரியனைக் குவித்து ஷட்டரையோ சென்சாரையோ பொசுக்கிவிடும்.

கோடையில் ஒன்பது மணி தாண்டினால் மணல் சூடேறி, கானல் நெளியத் தொடங்கும். 40 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் அசையும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்து ரிப்பேர்க் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. பையை மூடிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் வழி.

நடந்து நெருங்க முடியாத பொருள் ஒன்று இருக்கிறது, அங்கே அந்த 2 மடங்கு எக்ஸ்டென்டருக்கு வேலை உண்டு. முழுநிலாவின் பிம்பம், குவியத் தொலைவில் சுமார் 110-இல் ஒரு பங்கு. 300 மி.மீ.யில் 2.7 மி.மீ., 600-இல் ஐந்தரை மி.மீ., அதாவது ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. நிலா வெயிலில் கிடக்கும் பாறைதான், அதனால் ஒளிக்குப் பஞ்சமில்லை. எஃப்/11, ஐஎஸ்ஓ 200 வைத்தால் 1/200 நொடியில் தொடங்கி முன்பின் இரண்டு படம் எடுங்கள். முழுநிலாவில் பள்ளங்களின் நிழல் தெரியாது, எட்டாம் பிறைக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக எடுத்தால் தெரியும். அப்போது நிலா மங்கல் என்பதால் ஷட்டர் நேரத்தை இரண்டு மூன்று ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள். தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது எடுக்காமல், உச்சிக்கு ஏறும்வரை காத்திருங்கள். முக்காலி, இரண்டு நொடி டைமர், அசைவு தணிப்பு அணைத்தபடி.